மேடைக்கு முதுகு காட்டியவன்

உலகத்தில் இதுவரை தோன்றிய ராக் ரசிகர்களில் முதல் இடம் எனக்குத்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரலாறு எழுதுகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். எங்கள் குழு என்று நான் உரிமையோடு சொல்லும் ராக் குழுவின் எல்லாப் பாடல்களும் எனக்கு மனப்பாடம். பாடகரே வரி மறந்து "லா லா" என்று சமாளித்த இடங்களில்கூட நான் குளியலறையில் பிசகாமல் பாடியிருக்கிறேன். கல்லூரிச் சுவரிதழில் ரசிகனின் இலக்கணம் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன். அதன் சாரம் ஒன்றுதான்: மேடைக்கு முதுகு காட்டுகிறவன் ரசிகனே இல்லை. பாட்டு நடக்கும்போது திரும்பி நின்று தன் மூஞ்சியைத் தானே படம் பிடிக்கிறவன், கூட வந்த ஆள் எங்கே என்று தேடுகிறவன், இவர்களையெல்லாம் பல் பிடுங்கும் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கலாம் என்று முடித்திருந்தேன்.

அந்தக் கடைசி வரியை அக்கா ரசிக்கவில்லை. அவள் வேலை பார்ப்பது அங்கேதான். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களிடம் "ஒண்ணும் பண்ணாதுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று நாள் முழுக்கப் பொய் சொல்கிற உத்தியோகம். உள்ளே இருந்து துளைக்கிற சத்தம் கேட்டால் அவசரமாக மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைப்பாள்.

எங்கள் குழு திறந்தவெளி மைதானத்தில் பாட வருகிறது என்றதும், தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அக்கா அரைநாள் விடுப்புப் போட்டாள்.

"எனக்குத் துணைக்கு வர்றியாமே?" என்றேன்.

"துணைக்கு இல்லடா. நீ மயங்கி விழுந்தா, இந்த மூஞ்சி எங்க வீட்டோடதுதான்னு அடையாளம் காட்ட ஒரு ஆள் வேணும்ல?"

வாசலில் ஆரஞ்சு மேலங்கி போட்ட காவலாளி எங்கள் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றிக் குப்பையில் போட்டார். மூடி இருந்தால் பாட்டிலைத் தூக்கி எறிவார்களாம், மண்டை உடையுமாம்.

"அவ்வளவு நல்ல கூட்டமா?" என்று அக்கா அவரிடம் மரியாதையாகக் கேட்டாள்.

புல்தரை மேல் பிளாஸ்டிக் பலகைகள் விரித்திருந்தார்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் ஒலிபெருக்கிக் கோபுரங்கள். மேடையின் உச்சியில் ஒரு வீட்டுச் சுவரைவிடப் பெரிய திரை. வெயில் இன்னும் இறங்கவில்லை. அக்கா வேலி ஓரமாகக் கை காட்டினாள்.

"அங்க நிப்போம்டா. காத்தாவது வரும்."

"காத்து வாங்க நம்ம மொட்டை மாடி போதுமே!"

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனேன். மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பு. அதற்குச் சில தலைகள் பின்னால் எங்களுக்கு இடம் கிடைத்தது. அக்கா என் தோள் உயரம்தான். எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு உன் காலர் மட்டும்தான்டா தெரியுது. காலர் நல்லா பாடுமா?"

பக்கத்தில் நின்ற தாடிக்காரர் சிரித்துவிட்டார். கை முழுக்கப் பச்சை குத்திய பெரிய உருவம். "பாப்பா, பாட்டு ஆரம்பிச்சா பின்னாலேருந்து தள்ளுவாங்க. காலை அகட்டி நில்லும்மா," என்றார்.

"பாப்பாவா? இவன விட ரெண்டு வயசு பெரியவ நான்," என்றாள் அக்கா.

அப்போது டிரம்ஸ் இடித்தது. குழு மேடைக்கு வந்தது. மைதானத்தின் கடைசியில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில், நானும் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

முதல் தள்ளலில் சிரித்தேன். இரண்டாவதில் என் கால் தரையில் இல்லை. விழவும் இல்லை, விழுவதற்கு இடம் வேண்டுமே. யாருடைய பையிலோ இருந்த இரும்புக் கொக்கி என் விலாவில் குத்தியது. கூட்டம் இடப்பக்கம் சாய்ந்தால் நானும் சாய்ந்தேன்; வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். என் உடம்பைப் பற்றி யாரும் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை.

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்துகொண்டிருந்தது. "டேய் எருமை, அது என் கால்!" கொஞ்சம் கழித்து, "டேய், வெளிய போலாம்டா." அப்புறம், "டேய்..."

அப்புறம் ஒன்றும் இல்லை.

என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா என்னைத் திட்டுவதைப் பாதியில் நிறுத்தியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் முனகிக்கொண்டே திட்டி முடித்தவள் அவள். அந்த ஒரு "டேய்"க்குப் பின்னால் வார்த்தை வரவில்லை என்றதும் கத்தினேன்.

"அக்கா!"

திரும்ப முயன்றேன், தோள் நகரவில்லை. மூச்சை வெளியே விட்டால், அது இருந்த இடத்தைக் கூட்டம் எடுத்துக்கொண்டது. திரும்ப இழுக்க மார்பு விரியவில்லை. எனக்கே இப்படி என்றால், முகம் என் முதுகில் அழுந்திக் கிடக்கிற அவளுக்கு?

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற வேறொரு காவலாளியைப் பார்த்துக் கத்தினேன். "காப்பாத்துங்க! எங்க அக்கா!" எப்படியோ இரண்டு கைகளையும் உருவி மேலே தூக்கி ஆட்டினேன். காவலாளி என்னைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சுற்றிலும் ஆயிரம் பேர் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் பாட்டுக்குக் கத்துகிறார்கள், யார் உயிருக்குக் கத்துகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை; அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த நேரம் பார்த்துக் கேமரா என்னைப் பிடித்தது. பெரிய திரை முழுக்க என் முகம். வாய் பிளந்து, கண் பிதுங்கி, கன்னமெல்லாம் கண்ணீர். மைதானமே ஆரவாரம் செய்தது. இவனல்லவா ரசிகன்! பாடகர் பாடிக்கொண்டே என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். இந்த மாதிரி ஒரு வணக்கத்துக்கு என் ஆயுளில் பாதியைக் கொடுப்பேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

திரையில் என் தோளுக்குப் பின்னால் இன்னொன்று தெரிந்தது. ஒரு நெற்றி. அதில் ஒட்டிய ஈர முடி. ஒரு பக்கமாகச் சரிந்த தலை, பாதி மூடிய கண். எனக்குப் பின்னால் ஒரு விரல் தூரத்தில் இருந்த அக்காவை, எங்கோ உயரத்தில் இருந்த திரையில்தான் நான் பார்த்தேன்.

எப்படித் திரும்பினேன் என்று தெரியவில்லை. கொக்கி விலாவைக் கிழித்தது. திரும்பியதும் அவள் உதடு நீலமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவனின் தோளில் இரண்டு கைகளையும் ஊன்றி, கையை மடக்காமல் தள்ளினேன். என் கைகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் உண்டானது. ஒரு தலையணை அளவு இடம். அதில் அவள் வாய் திறந்தது.

"மூச்சு விடு. அக்கா, விடு. திட்டு என்னை. ஏதாவது சொல்லித் திட்டு."

மேடையிலிருந்து பாடகரின் குரல் கேட்டது: "என்ன தம்பி, அதுக்குள்ள கோபமா? நான் இந்தப் பக்கம் இருக்கேன்!"

மைதானம் சிரித்தது. முழங்கையை இன்னும் விறைத்தேன். மடங்கினால் அந்த இடம் மூடிவிடும். மூடினால் மறுபடி திறக்காது. இது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தாடிக்காரர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அவரும் திரும்பி, அந்தப் பச்சை குத்திய கைகளை என் கைகளுக்குப் பக்கத்தில் ஊன்றினார். அவருக்கு அடுத்து நின்ற பெண்ணும் திரும்பினாள். டிரம்ஸ் திடீரென்று நின்றுவிட்டது. டிரம்ஸ்காரர் எழுந்து நின்று குச்சியால் எங்களைக் காட்டினாராம்.

"நிறுத்து, நிறுத்து," என்றார் பாடகர். இந்த முறை குரலில் விளையாட்டு இல்லை. "பின்னால இருக்கறவங்க பின்னாடி போங்க. போங்கய்யா! இங்க ஒரு பொண்ணுக்கு மூச்சு முட்டுது!"

கொக்கி என் விலாவை விட்டது. என் கால் தரையைத் தொட்டது. தாடிக்காரர் அக்காவைத் தூக்க, தலைகளுக்கு மேலே கை மாறிக் கை மாறி அவள் தடுப்பைத் தாண்டிப் போனாள். ஒரு செருப்பு மட்டும் யார் கையிலோ தங்கிவிட்டது. நான் தடுப்பில் ஏறி அந்தப் பக்கம் விழுந்தேன்.

முதலுதவிக் கூடாரம் மேடையை ஒட்டியே, அந்தப் பக்கம் திறந்தபடி இருந்தது. அங்கிருந்த பெண் அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் ஆக்சிஜன் முகமூடியை வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"இப்போ பரவாயில்ல. ஆனா பக்கத்துலயே இரு. தலை சுத்துனா என்னைக் கூப்பிடு."

அக்காவுக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் உதட்டில் மெல்லச் சிவப்பு வந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றாள்.

"மாட்டேன்."

கூட்டத்தை ஒழுங்கு செய்த பிறகு குழு மறுபடி தொடங்கியது. கிதாரின் முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து நேரில் கேட்க ஏங்கிய பாட்டு. பாடகர் மேடையின் ஓரத்துக்கே நடந்து வந்துவிட்டார் போலிருந்தது. அவர் காலணி மரப்பலகையில் படுகிற சத்தம்கூட என் தலைக்குப் பின்னால் கேட்டது.

"டேய், உன் பாட்டு. கை நீட்டினா தொடலாம், அவ்வளவு பக்கத்துல நிக்கிறான். திரும்பிப் பாருடா."

"ம்," என்றேன்.

அவள் தோள் மேலே போய்க் கீழே வந்தது. அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.