குக்கர் மூடி

கதைக்குக் கரு தேடுகிறேன் என்று நூலகத்தின் பழைய செய்தித்தாள் அறையில் குடித்தனம் நடத்தாத குறையாகக் கிடந்தான் அவன். கல்லூரியில் அவனுக்குப் பெயர் 'துப்பு'. அடுத்தவன் வீட்டுச் சங்கதியில் தன் கைச்சரக்கைக் கொஞ்சம் கலந்தால் கதை, கலக்காவிட்டால் ஆராய்ச்சி. அவனுடைய இலக்கியக் கொள்கை அவ்வளவுதான்.

இந்த முறை சிக்கியது, அவன் டவுசர் போட்ட காலத்து 'காணவில்லை' விளம்பரம். 'நடுத்தர வயது. கோடு போட்ட சட்டை. கையில் குக்கர் மூடி.'

மூடி! துப்புக்குத் தலைகால் புரியவில்லை. மூடியில்லாத குக்கர் வைத்திருக்கும் வேறொருத்தியைத் தேடி மனிதர் போய்விட்டதாக ஒரே மூச்சில் எழுதித் தள்ளினான். கல்லூரி மலருக்கு ஆசிரியனான தோழன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நடுப்பக்கத்தையே ஒதுக்கினான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆராய்ச்சியாளன் ஆயிற்றே! மூடி என்ன அளவு என்று தெரிந்தால் இன்னொரு வரி சேர்க்கலாமே என்று, நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து விளம்பரத்தில் இருந்த எண்ணை அழுத்தினான். இத்தனை வருஷம் கழித்து யார் எடுக்கப்போகிறார்கள் என்கிற தைரியம்.

முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள்.

"கிடைச்சிட்டாரா?"

துப்பு படிக்கட்டிலிருந்து எழுந்துவிட்டான். "இல்லம்மா... பழைய பேப்பர்ல பார்த்தேன். நான் கதை எழுதறவன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. தெரியாத நம்பர்னா வாயில அதுதான் முதல்ல வருது."

"அந்த மூடி எதுக்கும்மா?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ரப்பர் போயிடுச்சுன்னு நான்தான் சத்தம் போட்டு, கையில குடுத்து அனுப்பினேன். தெருமுனைக் கடைக்குத்தான்." கொஞ்சம் தயங்கினாள். "கதையில அவரு திரும்பி வர்றாரா?"

"வர்றாரும்மா."

"மூடியோடவா?"

"புது ரப்பர் போட்டு, மூடியோட."

அவள் சிரித்தாள்.

"அச்சாச்சுன்னா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க தம்பி."

போனை வைத்த கையோடு தோழனை அழைத்தான். "டேய், அந்தக் கதையை நிறுத்துடா."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? அச்சகத்து வாசல்ல நிக்கிறேன். படிச்சவனெல்லாம் வயித்தைப் பிடிச்சிக்கிட்டு..."

"நிறுத்துடா சொல்றேன். ஆளு இன்னும் வீட்டுக்கு வரலை."