வடக்கே பதினெட்டு கிலோமீட்டர்

மூன்று நாள் வீசிய காற்று நின்ற காலையில் எங்கள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. பனி கூரைவரை ஏறியிருந்தது. என் கணவன் சாவாஸ் ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி, அந்த வழியாகத் தவழ்ந்து வெளியே போய், வாசலைத் தோண்டி எடுத்தான். "இந்த எழவெடுத்த பனிய இன்னிக்கோட தலை முழுகிடலாம்டி, கிரியாக்கி" என்று அங்கிருந்தே கத்தினான்.

அது தொண்ணூற்று மூன்று ஜனவரி. நாற்பத்தொன்பதில் சோவியத் அரசு எங்கள் கிரேக்கச் சனத்தை ரயிலில் அள்ளிவந்து இந்தக் கஜாக் சமவெளியில் கொட்டியிருந்தது. இப்போது கிரீஸ் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டது. வியாழக்கிழமை அல்மாட்டியிலிருந்து விமானம். அதைப் பிடிக்க வேண்டுமானால் அன்று மத்தியானத்து ரயிலில் ஏறியாக வேண்டும். ஸ்டேஷன் தெற்கே முப்பது கிலோமீட்டர்.

பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு ராவ்ஷான் வந்தாள். இடுப்புவரை பனி அப்பியிருந்தது. அவள் கணவன் எர்மெக் வடக்கே பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, குளிர்கால ஆட்டுக்கொட்டிலில் தனியாக இருந்தான். எரிக்க விறகு இரண்டு நாளுக்குத்தான் வைத்திருந்தான்.

"சாவாஸ் அண்ணே, நீங்கதான் போகணும். வேற யாருண்ணே இருக்கா?"

உண்மைதான். சாவாஸ் வேலை செய்த கூட்டுப்பண்ணையில் டீசல் ஊற்றிய டிராக்டர் ஒன்றே ஒன்று. அதை ஓட்டத் தெரிந்த இன்னொருவன், எங்களைப் போலவே இங்கே கொண்டுவரப்பட்ட ஜெர்மானியன். அவன் இலை உதிரும்போதே ஜெர்மனிக்குப் போய்விட்டான்.

பண்ணைத் தலைவரும் வந்துவிட்டார். "முதல்ல வடக்க போடா" என்றார்.

"ரயில் போயிடும். பிளேன் போயிடும். மாசக் கடைசியோட விசாவும் போயிடும். மறுபடியும் எனக்கு யாரு வாங்கித் தருவா, நீங்களா?" என்றான் சாவாஸ். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு ராவ்ஷானைப் பார்த்தான். "இங்க பாரும்மா. இவளையும் பொண்ணையும் ரயிலேத்திட்டு அப்படியே திரும்பறேன். இருட்டறதுக்குள்ள உன் புருஷன்கிட்ட இருப்பேன். நான் பின்னாடி எப்படியோ போய்க்கறேன். போதுமா?"

தலைவர் வழியை விட்டு விலகினார். ராவ்ஷான் ஓடிப்போய் எர்மெக்கின் காய்ந்த கம்பளிப் பூட்ஸைக் கொண்டுவந்து டிராக்டர் இருக்கைக்குப் பின்னால் வைத்தாள். எங்கள் மகள் சிமேலாவுக்கு வழியில் தின்ன, சூடாகப் பொரித்த ரொட்டி ஒரு பை நிறையக் கொடுத்தாள். என்னைக் கட்டிக்கொண்டபோது, "அங்க போயி குளிரலயேன்னு அழாதடி" என்று சிரிக்கப் பார்த்தாள்.

நான்கு மணி நேரம் ஆனது. பனி எங்களுக்கு இரண்டு பக்கமும் சுவராக நின்றது. ஸ்டேஷனில் டிராக்டரை நிறுத்தினான். அந்தக் குளிரில் அணைத்தால் மறுபடி உயிர் வராது என்று இன்ஜினை ஓடவிட்டிருந்தான். பெட்டிகளை ஒவ்வொன்றாக ரயிலில் ஏற்றினான். கடைசிப் பெட்டியோடு தானும் ஏறி, எனக்கு எதிரே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான்.

"வண்டி கிளம்புது, சாவாஸ்."

"தெரியும்."

"எர்மெக்..."

"இந்நேரம் செத்திருப்பான். இல்ல, பொழச்சிருப்பான். நான் போயி எதை மாத்தப் போறேன்? எங்கப்பனும் இந்தப் பனியிலதான் செத்தான். அப்ப எவன் வந்தான்?"

பன்னிரண்டு வயது சிமேலா என் முகத்தையே பார்த்தாள். வண்டி இன்னும் வேகம் எடுக்கவில்லை. இறங்கு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் பெட்டியை என் சீட்டுக்குக் கீழே தள்ள வசதியாக என் காலை ஒதுக்கிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே டிராக்டர் புகைவிட்டுக்கொண்டு தனியாக நின்றது.

கிரீஸில், தெசலோனிகி நகர ஓரத்தில் இரண்டு அறை வீடு கிடைத்தது. சாவாஸ் ஆரஞ்சு மூட்டை தூக்கினான். நான் மாடிப்படி கழுவினேன். எங்களை எல்லோரும் 'ரஷ்யாக்காரங்க' என்றார்கள்.

ஏப்ரலில் ராவ்ஷானின் கடிதம் வந்தது. இருட்டும்வரை டிராக்டருக்காகக் காத்திருந்தார்களாம். மறுநாள் இரண்டு பேர் குதிரையில் கிளம்பினார்கள். போய்ச் சேர ஒன்றரை நாள். எர்மெக் வேலிக் கட்டைகளை எரித்திருந்தான், பிறகு கட்டிலை, கடைசியில் கதவையும். அவர்கள் போனபோது ஆள் விறைத்திருந்தான். அடுப்புச் சாம்பலில் இன்னும் சூடு இருந்ததாம்.

கீழே எழுதியிருந்தாள்: "வண்டி ஸ்டேஷன்ல நின்னுச்சு, ஒரு கோளாறும் இல்லன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. நான் நம்பல. இன்ஜின் கெட்டுப்போச்சுன்னு ஒரு வரி எழுதிடு, கிரியாக்கி. என் பசங்ககிட்ட காட்டணும்."

சாவாஸ் இரண்டு தடவை படித்தான். "கெட்டுப்போச்சுன்னு எழுது. அவளே அதத்தான கேக்கறா? நாலு வார்த்தை. புண்ணியமாப் போகும்."

"கெடலையே."

"எழுதலேன்னா இந்த வீட்ல இருக்காத."

"சரி" என்றேன்.

அன்றே உட்கார்ந்து எழுதினேன். இன்ஜின் கெடவில்லை, அவன் இறங்கவில்லை, நானும் இறங்கச் சொல்லவில்லை என்று எழுதி, அவன் பார்க்கப் பார்க்கத் தபால்தலை ஒட்டினேன். அவன் என்னை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. அதற்கும் துணிச்சல் வேண்டுமே. அன்று முதல் என் கையால் சாப்பிடுவதை மட்டும் நிறுத்தினான்.

ராவ்ஷானிடமிருந்து பதில் வரவில்லை. அவள் கேட்ட பொய்யைக் கொடுத்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். ரயிலில் சாவாஸை இறங்கச் சொல்லாததுபோல, அதையும் நான் அவளுக்காகச் செய்யவில்லை.