புருவத்தில் இருந்த ஆமாம்

தீவு மன்ற அலுவலகத்துக்குள் இயோதெபா நுழைந்தபோது அவன் கையில் ஒரு பாகு பாட்டில் இருந்தது. தென்னம்பாளை சீவி இறக்கிய பதநீரை அவனே காய்ச்சி, துணியில் வடிகட்டி, பாட்டிலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். பின்னால் அவன் மகள் மெரேதா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில். மேசைக்குப் பின்னால் இருந்த ரோசியா பாட்டிலைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மன்றத்தில் எழுத்தர் வேலை அவளுக்கு. இயோதெபாவுக்குச் சித்தப்பா மகள்.

“அண்ணே, அந்தம்மா பிரிஸ்பேன்ல இருக்கா. போன்லதான் பேசப் போறா. பாகை எந்தப் பக்கமா ஊத்துவ?”

“வெறுங்கையோட எப்படி வர்றது?” என்று சொல்லி, போனுக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்தான். சொன்ன பிறகுதான் தன் குரல் உள்ளே போயிருந்தது அவனுக்கே தெரிந்தது.

தீவுப் பள்ளியில் மெரேதா படிக்க வேண்டியதெல்லாம் படித்து முடித்துவிட்டாள். மேல் வகுப்புக்குக் கப்பலேறித் தலைநகர்த் தீவான தாராவாவுக்குத்தான் போக வேண்டும். பள்ளிச் சம்பளம், விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் பிரிஸ்பேனில் ஒரு தொண்டு அமைப்பு ஏற்றுக்கொள்ளும். எல்லாத் தீவுகளுக்கும் சேர்த்து நான்கே பெண்களுக்கு. விண்ணப்பத்தில் மெரேதா தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது அந்த அமைப்பின் அம்மாளோடு இந்தப் பேச்சுத்தான். போன வருடம் இதே மேசையில் பேசிவிட்டுப் போன பாஸ்டர் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அவள் இப்போது பள்ளிக்கூடம் இருக்கும் பக்கமே நடப்பதில்லை. தண்ணீருக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். விடிந்ததும் தென்னை உச்சியில் காற்றோடு ஆடிக்கொண்டே, கிராமம் முழுக்கக் கேட்கும்படி பாடிப் பாளை சீவுகிறவன் இயோதெபா. அந்த மனுஷன் சுவரோரம் கிடந்த பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

போன் அடித்தது. பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்திருந்த அதன் திரையில் நரைத்த தலையும் கண்ணாடியுமாக ஒரு முகம் வந்தது. பெயர் ஜூடித் என்றார். மெரேதா தன் பெயரைச் சொன்னாள், தீவைச் சொன்னாள், பிடித்த பாடம் கணக்கு என்றாள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் மகள் தடுமாறாமல் பேசுவது இயோதெபாவுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்த முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுபோயிற்று. அந்த அம்மாள் என்னவோ சொன்னது பாதியில் அறுந்தது. முகம் மறைந்து குரல் மட்டும் தெளிவாக வந்தது. பெஞ்சிலிருந்து பார்த்தவனுக்குத் திரை தெரியவில்லை, மகளின் பக்கவாட்டு முகம்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கொப்பரை மூட்டையோடு வந்து கூப்பிட, ரோசியா எழுந்து போனாள்.

குரல் ஒரு கேள்வி கேட்டது. மெரேதா திரையைப் பார்க்காமல், தலை குனிந்தபடி இரண்டு புருவங்களையும் தூக்கினாள்.

எங்கள் தீவுகளில் ஆமாம் என்பதற்கு வாய் தேவையில்லை. புருவம் ஒருமுறை மேலே போனால் முடிந்தது காரியம். அதிலும் பெரியவர்கள் கேட்கும்போது வாயைக் கொடுத்துக்கொண்டிருக்காமல், தலை குனிந்து புருவத்தால் பதில் சொல்லும் பிள்ளையைத்தான் ஒழுங்காக வளர்ந்த பிள்ளை என்போம். இயோதெபாவுக்கு மனம் குளிர்ந்தது. இன்னொரு கேள்வி, புருவம் மேலே போயிற்று. இன்னொன்று, இன்னும் மேலே. எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தான்.

ஆனால் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. அந்தக் குரல் மெல்ல இறங்கியது, நோயாளியிடம் பேசுவதுபோல் ஆனது. எங்கோ கோணலாகிவிட்டது, எங்கே என்றுதான் தெரியவில்லை. மெரேதாவின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. புருவங்கள் மட்டும் முடியைத் தொடுகிற மாதிரி தூக்கியபடி நின்றன.

உள்ளே வந்த ரோசியா ஒரு நொடி காதைக் கொடுத்தாள். பிறகு மேசையில் ஓங்கித் தட்டினாள்.

“வாயைத் தொறடி! படம் எப்பவோ போயிடுச்சு. இந்தப் புருவம் பிரிஸ்பேன் வரைக்கும் தெரியுமா?”

மெரேதா திரையைப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள்.

“அத்தை... வீட்டை விட்டு இருப்பியான்னு கேட்டாங்க. பாதியில விட்டுட்டு வராம படிப்பியான்னு கேட்டாங்க. எல்லாத்துக்கும் தூக்கினேனே.”

“இப்ப என்ன சொல்றா தெரியுமா? உனக்கு இஷ்டம் இல்லைனா பரவாயில்லை, யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொல்றா!”

மெரேதா போனைக் கையில் எடுத்து, ஆமாம், ஆமாம், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று ஆங்கிலத்தில் கொட்டினாள். பதற்றத்தில் வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. பக்கத்தில் ஆள் இருந்து மேசையைத் தட்டிச் சொல்லவைப்பது ஜூடித்துக்கும் கேட்டிருக்கும்; பிள்ளையை மிரட்டுகிறார்கள் என்றே நினைப்பார். ரோசியாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது இயோதெபா எழுந்தே விட்டான். மகள் ஒரு வருடமாக விளக்கடியில் படித்ததெல்லாம் தன் வளர்ப்பாலேயே கெட்டுப்போகப் போகிறதோ என்று பயந்தான். வாயாடாதே, வாயாடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவன் அவன்தானே.

அந்த அம்மாள் நிதானமாக ஏதோ கேட்டார்.

“அண்ணே, உன்னைக் கேக்குறா,” ரோசியா கிசுகிசுத்தாள். “இவ தானா ஆசைப்பட்டுத்தான் போறாளா, நீ முழு மனசோட அனுப்புறியான்னு. உன் வாயால, நம்ம பாஷையிலேயே கேக்கணுமாம். நான் சொன்னா ஏத்துக்க மாட்டாளாம்.”

மகள் இரண்டு கையாலும் போனை அவன் முன் நீட்டினாள். இயோதெபா கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தான். அவனை மீறி அவன் புருவங்கள் மேலே போயின.

“அப்பா!”

தெரியும். தெரிந்துதான் இருந்தது. முகம் தெரியாத ஒருத்தியிடம், ஒரே ஒரு சொல். பிசகாகச் சொன்னால் பிள்ளையின் வாழ்க்கை. மெரேதா போனை இன்னும் கிட்டத்தில் நீட்டினாள். மரத்து உச்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அவன் கண்ணை மூடினான்.

“ஆமாம்!”

பாளை சீவும்போது எடுக்கும் அதே குரலில் வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே கொப்பரை மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தவர் அண்ணாந்து தென்னைகளைப் பார்த்தார்.

அந்த முனையில் சத்தமில்லை. திரையில் நொடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, இணைப்பு அறுந்திருக்கவில்லை.

“ஏன்ப்பா ஒண்ணும் பேச மாட்டேங்குறாங்க?” மெரேதா மூச்சுக்குள்ளேயே கேட்டாள்.

“புருவத்தைத் தூக்கியிருப்பாங்க, கண்ணு,” என்றான் இயோதெபா. “நமக்குத்தான் தெரியல.”

மூவரும் குனிந்து, பாகு பாட்டிலுக்கு மேலே நீட்டியிருந்த அந்தக் கறுப்புத் திரையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று நொடி ஓடியது.