பெட்டி வந்தால் தமிழ் போடு

என் மூன்று மாதத் தற்காலிக வேலை முடிய ஒரே நாள்தான் இருந்தது. அன்று பின்னேரம் மூன்று மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நான் செய்த இணையப் பக்கத்தைக் காட்ட வேண்டும். சரிவந்தால் கண்டியில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு என் ஊர் புசல்லாவைக்குப் பஸ்.

அந்த வாடிக்கையாளரின் கம்பனி வைத்திருப்பது வட்டம், முக்கோணம், அம்புக்குறி என்று விசித்திரக் குறிகளால் எழுதும் ஒரு பழைய நிரல்மொழி. அவை பிரவுசரில் ஒழுங்காகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தந்த வேலை. என் மடிக்கணினியில் அழகாகத் தெரிந்தன. இரண்டு மணிக்கு முதலாளி பளீல் சேர் தன் கணினியில் திறந்தார். குறிகளுக்குப் பதில் பக்கம் முழுக்க வெறும் பெட்டிகள்.

அவர் கலங்கவில்லை. அரசாங்கக் கந்தோர்க் கணினிகளில் நம் தமிழ்ப் பெயர்கள் எத்தனை வருடம் பெட்டிகளாக வந்திருக்கின்றன! காரணம் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

"தமிழ் எழுத்து ஏத்தல்ல, தர்ஷிகா மகள். அதான்," என்றார்.

"சேர், இதுல தமிழே இல்லையே."

"பெட்டி வருதுதானே?"

கீழே ஃபோட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் ஆகிப் நானாவை அழைத்தார். அவர் பென்டிரைவுடன் வந்து, கதிரையை இழுத்துப்போட்டு, சேரின் கணினியில் தமிழ் எழுத்துருக்களை ஏற்றத் தொடங்கினார். கலியாணக் கார்டுக்கு, மரண அறிவித்தலுக்கு என்று நாற்பத்திரண்டு. ஒரு பெட்டிகூட அசையவில்லை.

"நானா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், எந்திரிங்க. தெரியாத வேலையில எதுக்குக் கைய வைக்கிறீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "உங்கடதுல மட்டும் எப்புடித் தங்கச்சி தெரியுது?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. குறிகளுக்கான எழுத்துருவை என் கணினியில் மட்டும் ஏற்றிவிட்டு, பக்கத்தோடு சேர்க்க மறந்திருந்தேன். நானெல்லாம் படித்த மூதேவி. சத்தம் போடாமல் என் மேசைக்குப் போய்ச் சேர்த்துவிட்டேன். அதே நேரம் ஆகிப் நானா நாற்பத்திமூன்றாவதை ஏற்றி முடிக்க, பளீல் சேர் பக்கத்தை மறுபடி திறந்தார். குறிகள் வரிசையாக நின்றன.

"பாத்தீங்களா?" என்றார் சேர்.

மூன்று மணிக்கு வீடியோ அழைப்பில் பார்த்த வாடிக்கையாளருக்குப் பரம திருப்தி. தங்கள் கணினிகளில் எப்போதும் பெட்டிதான் வருகிறது, இதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டார். சேர் என் நிரந்தரக் கடிதத்தை முன்னால் வைத்து, பேனையைத் திறந்தபடி என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க மகள். தமிழ் போட்டதாலதானே?"

நான் கடிதத்தைப் பார்த்தேன். ஆகிப் நானா கூரையைப் பார்த்தார்.

"ஆமா சேர்," என்றேன். "தமிழ்தான்."

சேர் கையெழுத்துப் போட்டார்; நாற்பத்திமூன்று தமிழ் எழுத்துருக்கள் ஏற்றியதை வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். நாற்பத்திமூன்றையும் உடனே தங்களுக்கு அனுப்பச் சொன்னார் வாடிக்கையாளர்.