கீழ்த்தளத்துக் கோழிகள்

கொளஞ்சியம்மாள் வீட்டுத் தாய்க்கோழியைக் கீரிப்பிள்ளை பிடித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அவள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு, தானும் நிர்மலாவும் வேலை செய்யும் ரைஸ்மில்லுக்கே எடுத்து வந்தாள்.

"எனக்கு மாடு பாக்கவே நேரம் பத்தல. நீ எடுத்துக்கினு போ நிர்மலா. அண்ணன் வூட்ல சும்மாதான படுத்துக்கினு இருக்காரு."

அந்தச் 'சும்மா' நிர்மலாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அவள் புருஷன் மாயவன், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும்போது லோடின் மேலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மணலூர்பேட்டையில் ஆற்றோரம் இருந்த குடிசையைக் காலி செய்யச் சொல்லி, கள்ளக்குறிச்சிக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியபோது, அவனுக்காகக் கீழ்த்தளம் கொடுத்தார்கள். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். சோறு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவான். அதற்குமேல் பேச்சு கிடையாது.

குஞ்சுகளுக்குக் கதகதப்பாக இருக்கட்டுமென்று அவள் பெட்டிக்குள் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டாள். அன்று சாயங்காலமே கரண்ட் போயிற்று. குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தித் தீர்த்தன.

"அதுங்கள இப்டி குடு" என்றான் மாயவன்.

அவனிடமிருந்து அத்தனை வார்த்தை வந்து எத்தனை மாதமாயிற்று! ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். போர்வைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிப்போனது.

அதற்குப் பிறகு மில்லில் கூட்டி அள்ளிய நொய்யை அவள் முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். அவன் கட்டிலில் இருந்தபடியே இறைப்பான். குஞ்சுகளுக்கு இறகு முளைத்ததும், சமையலறைக்குப் பின்னால் இருந்த துண்டு இடத்தில் வலை கட்டினாள். கட்டிலை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னான் அவன். "அந்தச் செவலை சேவலாட்டம் தெரியுது பாரு" என்பான். சண்டை போடும் குஞ்சுகளைப் பேர் சொல்லித் திட்டுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜாங்கம் வந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாயவனைப் பார்த்ததும் அவருக்கே பேச்சு தயங்கிற்று.

"ஆடு, கோழி வளக்கக் கூடாதுன்னு கூட்டத்துல முடிவு பண்ணிருக்கும்மா. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

நிர்மலா மில்லுக்கு லீவு போட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "நாலு கோழிக்கு நாங்க வந்து நிக்க மாட்டோம்மா. ஆனா பக்கத்து வூட்டுக்காரங்க புகார் குடுத்தா எடுக்கச் சொல்லித்தான் ஆவணும். மொதல்ல உங்க சங்கத்தக் கேளுங்க."

திரும்பவும் ராஜாங்கத்திடம் வந்து நின்றாள். அவர் தலையைச் சொறிந்தார். "பிளாக்ல இருக்கறவங்க எல்லாரும் சரின்னா, எனக்கு இன்னா வந்துச்சு?"

மில் விட்டு வந்ததும் மாடி மாடியாக ஏறினாள். எச்சம் நாறாமல் பார்த்துக்கொள் என்றார்கள் சிலர். முட்டை கொடுப்பாயா என்று சிரித்தார்கள் சிலர். மாயவனுக்காக எல்லாருமே சரி என்றார்கள். மிச்சம் இருந்தது நேர் மேல்வீடு ஒன்றுதான்.

கதவைத் திறந்த ஆண்டாளின் இடுப்பில் மகள் தேவதர்ஷினி இருந்தாள். குழந்தை மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவில் குழி விழுந்தது.

"அக்கா, நான் ஒண்ணும் புகார் குடுக்கலக்கா" என்றாள் ஆண்டாள். அதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெக்க, எச்சம் எதுவும் கிட்ட ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க வூட்டுக்காரரப் பாத்தா எனக்குச் சொல்லவும் வாய் வரல."

சண்டைக்காரியாக இருந்திருந்தால் நிர்மலாவும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். குழந்தையின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

மாயவன் எல்லாவற்றையும் கேட்டான். "கொண்டுபோயி கொளஞ்சிகிட்டயே வுட்டுடு" என்றான். ஷேர் ஆட்டோவில் கூடையைத் தூக்கி வைத்தபோது உள்ளே ஓர் இளம் வெடைக்கோழி கேறிக்கொண்டிருந்தது, முட்டைக்கு வந்துவிட்டதைப்போல.

கோழிகள் போயின. மழைக்காலம் வந்தது. குழந்தையின் இழுப்பு மட்டும் நிற்கவில்லை. இரண்டு தரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மில் புகைபோக்கியிலிருந்து கரி பறந்து வந்து கொடியில் காயும் துணியிலெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் காரணமோ, வேறு என்னவோ, யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் ஆண்டாளே கீழே இறங்கி வந்தாள். "கோழி போயும் இவளுக்குக் கம்மியாவலக்கா. திரும்பக் கொண்டாந்துடுங்க. ராஜாங்கண்ணன்கிட்ட நானே சொல்லிட்டேன்."

மாயவன் தலையைத் திருப்பி நிர்மலாவைப் பார்த்தான். அந்தப் பார்வை போதும் அவளுக்கு. அப்போதே கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கொளஞ்சியம்மாள் வாசலில் நின்றாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

"கோழிங்களுக்கு வெள்ளக்கழிச்சல் நோவு வந்துடுச்சு நிர்மலா. தெருவுல ஒரு வூட்லயும் கோழி நிக்கல. உங்கிட்ட எப்டி சொல்றதுன்னுதான் ரெண்டு நாளா மில்லுக்கே வரல."

நிர்மலா அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெறுங்கூடையை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தவளின் கையைப் பார்த்ததுமே மாயவன் புரிந்துகொண்டான்.

"எல்லாமேவா?"

"ஆமாங்க."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அடுத்த அட வச்சதும் குஞ்சு தர்றேன்னு கொளஞ்சி சொல்லுது" என்றாள். கொளஞ்சி அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"வேணாம் நிர்மலா" என்றான். "இனிமே எதுவும் கொண்டாராத."

அவள் கஞ்சி கரைத்து எடுத்து வந்தாள். இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் போதும் என்று தலையை ஆட்டினான். மேலே குழந்தை இருமத் தொடங்கியிருந்தது. நிர்மலா டம்ளரைக் கீழே வைத்தாள். ஆண்டாள் தனியாக இருப்பாளே என்று நினைத்துக்கொண்டே படியேறினாள்.