எலியாஸின் சாக்ஸ்

மற்ற பெண்கள் காதோடு காதாகச் சொல்லவும் கூசுவதை ஹியாம் மைக்கில் சொல்லிக் கைதட்டு வாங்குவாள். பெய்ரூத் ஹம்ரா தெருவில் அந்த நிலவறை மதுக்கடை அவளால்தான் நிறைந்தது. அவள் நகைச்சுவையில் முக்கால்வாசி எலியாஸ்தான். கட்டிலில் பிறந்தமேனிக்குக் கிடந்தாலும் சாக்ஸை மட்டும் கழற்றாத எலியாஸ். பெயரைச் சொல்லமாட்டாள், "நம்மாளு" என்பாள். நம்மாளும் கூட்டத்தில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான்.

அவள் ஷியா முஸ்லிம், அவன் மாரோனைட் கிறிஸ்தவன். மதம் கலந்த கல்யாணத்தை லெபனானில் பதிவு செய்ய முடியாது, சைப்ரஸுக்குப் போய்ச் செய்துகொள்வதுதான் வழி. டிக்கெட் எடுத்தபோதெல்லாம் அவன் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. அதையும் மேடையில் வைத்தாள்: "மாமியார் நெஞ்சுக்கு விமான டயம்டேபிள் மனப்பாடம்!"

கொஞ்ச நாளாகக் கண்ணில் படாதவன், அன்று சாயங்காலம் நிகழ்ச்சிக்கு முன்னால் மேடைக்குப் பின்னால் வந்து நின்றான்.

"ஹியாம், ஒண்ணு கேக்கணும்."

சைப்ரஸ் என்றுதான் நினைத்தாள், பைத்தியக்காரி.

"எனக்கு நிச்சயமாயிடுச்சு. எங்க ஆளுங்கதான், ஸஹ்லே பக்கம். ரீத்தான்னு பேரு. அவ சிநேகிதி டிக்கெட் வாங்கிக் குடுத்துட்டா, ரீத்தா வெளியதான் உக்காந்திருக்கா. அவளுக்கு நம்ம விஷயம் தெரியாது. அந்த சாக்ஸ் மேட்டர் மட்டும் இன்னைக்கு வேணாமே..."

"உங்கம்மா நெஞ்சு எப்படி இருக்கு?"

"இப்ப நல்லாருக்கு."

"இருக்காதா பின்ன!"

அவனைக் கவிழ்க்க ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தோடுதான் மேடையேறினாள். ஆனால் முன்னால் ரீத்தா, எலியாஸின் கையைப் பிடித்தபடி, இப்போதே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். பாவி மகள், அவ்வளவு நல்ல முகம்.

"கட்டில்ல நான் சாக்ஸ கழட்ட மாட்டேங்க," என்று ஹியாம் ஆரம்பித்தாள். "மத்ததெல்லாம் அவன் கேக்குறதுக்கு முன்னாடியே அவுத்துருவேன். சாக்ஸ்ல கை வச்சான், தொலைஞ்சான்! பாவம், எங்கெங்கயோ போகவேண்டிய கை, கணுக்கால்லயே மாட்டிக்கிட்டு முழிக்கும்."

கூட்டம் கூரையைப் பிய்த்தது. ரீத்தாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர். எலியாஸ் சிரிக்கவில்லை. ஹியாமுக்கு அதுதான் வலித்தது.

முடிந்ததும் ரீத்தா தனியாக அவளைத் தேடி வந்தாள்.

"அக்கா, வெக்கத்த விட்டுக் கேக்குறேன். எங்காளும் உங்கள மாதிரிதான். ஆகஸ்ட் வெயில்லயும் சாக்ஸோடதான். என்ன செய்யறது?"

ஹியாமிடம் பத்துப் பதிலாவது இருந்தது, எல்லாமே பச்சை. ஆனால் எந்த மேடையிலும் சொல்லாத ஒன்றும் இருந்தது. ஜோக்கில் கழற்றாத எலியாஸ், நிஜத்தில் அவளிடம் மட்டும் சாக்ஸைக் கழற்றினான். அவனிடமிருந்து அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

"எனக்குப் பாதம் ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்கும். மேல பட்டா எதிராளி துள்ளிடுவாங்களேன்னு கூச்சம்," என்றாள். "என் ஆளு சாக்ஸோடயே என் காலத் தன் தொடைக்கு நடுவுல வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கும். ஒண்ணும் பேசாது. சூடு ஏறினா நானே கழட்டிருவேன். இப்ப அந்த ஆளு இல்ல, விட்டாச்சு."

"ஐயோ, அப்படிப்பட்ட ஆளையா விட்டுட்டீங்க?"

ரீத்தா அவளைக் கட்டிக்கொண்டு, போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனாள்.

கல்யாணம் முடிந்த வாரம் ரீத்தாவிடமிருந்து சேதி வந்தது: "அக்கா, பலிச்சிருச்சு! கழட்டிட்டான்!"

ஹியாமுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நல்ல ஜோக் எது என்று அவளுக்குத் தெரியாதா? பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.