ஸ்பிண்டில் எண்ணெய்

வேடசந்தூர் நூல் மில்லில் பத்தொன்பது வருஷம் ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் விட்டவர் சடையாண்டி. இரண்டாயிரத்து நாலில் மில்லை மூடினார்கள். திண்டுக்கல்லில் அருள்நாதனின் பட்டறையில் பேரிங் மாட்டும் வேலை கிடைத்தது. அங்கே செய்தது வேக்குவம் பம்ப். உள்ளங்கையில் அடங்கும். ஊர் ஊராகத் தூக்கிப்போய்க் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டுகிற பெட்டிக்குள் இருந்துகொண்டு, பெட்டியின் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். உள்ளே விசிறி மாதிரி பிளேடு, நிமிஷத்துக்குத் தொண்ணூறாயிரம் சுற்று. மில் ஸ்பிண்டில் பதினைந்தாயிரத்துக்கே அலறும்.

"எண்ணெ மட்டும் ஆகாதுண்ணே. ஒரு சொட்டு பட்டாலும் பெட்டி அதத்தான் காட்டும்" என்று முதல் நாளே அருள்நாதன் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சோதனை மேசையில் ஓடிய பம்ப் ஒன்று லேசாகக் கீச்சிட்டது. மில்லில் சனிக்கிழமைதான் எண்ணெய் விடும் நாள். மில்லிலிருந்து கொண்டுவந்த குப்பி பையிலேயே கிடந்தது. சடையாண்டி பம்ப்பை நிறுத்தி, அடிமூடியைக் கழற்றி, பேரிங்கில் ஒரு சொட்டு விட்டார். விட்ட பிறகுதான் அருள்நாதன் சொன்னது ஞாபகம் வந்தது. துணியால் துடைத்து மூடிவிட்டு பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை பம்ப்புகளைப் பெட்டியில் மாட்டிப் பார்த்தபோது திரை முழுக்க எண்ணெய்தான் காட்டியது.

"பிளேடு யாரு கழுவுனது?" என்று கேட்டார் அருள்நாதன்.

கழுவுகிறவள் கிளாரா. "மூணு தடவ கழுவுனேன் சார். மாதா சத்தியமா."

"பெங்களூர்ல வாங்குறவனுக்கு மாதாவையா அனுப்ப முடியும்? பம்ப்புதான் போகணும்."

மத்தியானமே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "வாரேண்ணே" என்றாள். சடையாண்டி தலையை ஆட்டினார். பிறகு உட்கார்ந்து சோறு தின்றார். வெஞ்சனத்தில் உப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை, தன் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் அருள்நாதனிடம் சொன்னார்: "எண்ணெ விட்டது நான்தான் சார்."

அருள்நாதன் சோதனை மேசைப் பக்கம் திரும்பினார். "எந்த பம்ப்பு?"

"மூணாவது."

"மத்ததுல?"

"விடல."

"சரி. அதக் கழட்டிப் புது பேரிங் போடுங்க."

"அந்தப் புள்ள..."

"அந்த எடத்துக்கு ஆள் சொல்லியாச்சு. கழுவ யாரு வேணா வருவா. பேரிங் மாட்ட ஒங்கள விட்டா இங்க யாருண்ணே இருக்கா? வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. வெள்ளிக்கெழம சரக்கு போகணும்."

சடையாண்டி கையுறையை மாட்டிக்கொண்டு பம்ப்பைக் கழற்றினார். புது பேரிங்கை நேராக வைத்து அழுத்தினார். கோணினால் உட்காராது. பதினோரு மணிக்குப் புதுப் பெண் ஒருத்தி வந்து, கழுவுகிற தொட்டி எங்கே என்று அவரைக் கேட்டாள். காட்டினார்.